மென்பொருள் போகும், கணக்கு இருக்க வேண்டும்

வீட்டுக் கணக்கு கணனிக்குள் போன வரலாற்றை இம்மாதம் சுருக்கமாகப் பார்ப்போம்.

1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி, வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை அச்சு நூலில் விளக்கினார். கொப்பியும் பேரேடும் பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தன. 1983இல் அமெரிக்காவில் ஸ்கொட் குக், ரொம் புரூ என்ற இருவர் இன்ரூயிற் நிறுவனத்தைத் தொடங்கி, 'குவிக்கன்' மென்பொருளை உருவாக்கினார்கள். முதலில் அது காசோலைக் கணக்குத்தான். பின்னர் பங்குகளையும் மியூச்சுவல் பண்ட் அலகுகளையும் பதியும் வசதி சேர்ந்தது. 1991இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'மணி' என்ற மென்பொருளுடன் போட்டிக்கு வந்தது. 1994இல் இன்ரூயிற்றையே வாங்க முற்பட்டது. அமெரிக்க நீதித் திணைக்களம் 1995இல் வழக்குத் தொடுக்கவே, அந்த முயற்சி கைவிடப்பட்டது.

மியூச்சுவல் பண்டுக்கு இத்தகைய பதிவு ஏன் முக்கியம்? கனடாவில் வாழும் ஒருவர் சாதாரண, அதாவது வரிச்சலுகை இல்லாத கணக்கில் 10,000 டொலர் முதலிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் கிடைக்கும் பங்கீடு கைக்கு வராமல் புதிய அலகுகளாக மாறுகிறது. ஆனால் அதற்கு அந்தந்த ஆண்டே வரி கட்டுகிறோம். இப்படி 3,000 டொலர் சேர்ந்தபின் 15,000 டொலருக்கு விற்றால், இலாபம் 2,000 டொலர் மட்டுமே. மீள்முதலீட்டைப் பதியாதவர் 5,000 என்று காட்டி, ஒரே பணத்துக்கு இருமுறை வரி கட்டுவார். ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்குக்குள் இந்தச் சிக்கல் இல்லை.

இருபது ஆண்டுக்கு இந்தப் பதிவு தேவைப்படலாம். மென்பொருளுக்கோ அவ்வளவு ஆயுள் நிச்சயமில்லை. 'மணி' விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டது. பழைய கோப்புகளைத் திறக்க இலவசப் பதிப்பொன்று வந்தாலும், விலைகளைத் தானாகக் கொண்டுவரும் சேவை பின்னர் நின்றுபோனது. 2007இல் அறிமுகமான 'மின்ற்' இணையச் சேவையை இன்ரூயிற் 2009இல் வாங்கி, 2024 மார்ச்சில் மூடியது. குவிக்கனும் 2016இல் கைமாறியது.

காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு, கையில் பத்திரம் இல்லாதவன் படும் பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே எந்த மென்பொருளைப் பாவித்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு மீள்முதலீட்டையும் திகதி, அலகு, விலையுடன் பதியுங்கள். ஆண்டு முடிவில் முழுப் பதிவையும் எந்தக் கணனியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாகச் சேமித்து, ஒரு பிரதி அச்சிடுங்கள். நிறுவனம் அனுப்பும் ஆண்டறிக்கையையும் ரி-3 படிவத்தையும் அதே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு பேச்சில் சந்திப்போம்.