69 கிலோ கடிதங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், சுவான் ஆற்றங்கரையில் தபால் பை தராசுக்கு வந்தது. எடை 69 கிலோ. அதற்கு மேல் ஒரு கடிதம்கூட ஏறாது. ஆண்டு 1943.

அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அத்துடன் அறுந்தது. அதை ஒட்டுப்போட குவான்டாஸ் நிறுவனம் துணிந்த வழி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவது. பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை 5,600 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் இறங்க இடமில்லை.

இதற்குப் பயன்பட்டது கேட்டலினா என்ற நீர்விமானம். மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் அதன் வேகம். அவ்வளவு தூரத்துக்கு 9,000 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதை நிரப்பியபின் மிஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் அந்த 69 கிலோ பைக்கும். கணக்குப் போட்டால், ஒரு கிலோ தபாலைக் கரை சேர்க்க 130 லிட்டர் எரிந்தது. இந்தப் பாதையின் நீளத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அளவை நான் அறியேன். பையில் அரசின் ரகசியத் தாள்களோடு படைவீரர்களின் கடிதங்களும் இருந்தன. எடையைக் குறைக்கப் பல கடிதங்கள் மைக்ரோஃபிலிமாகச் சுருங்கியிருந்தன.

ஜப்பானிய ரோந்து விமானங்கள் திரியும் வானத்தை இருட்டில் கடக்க வேண்டும். வானொலியில் வாய் திறக்கக் கூடாது. வழி சொன்னவை நட்சத்திரங்கள். இந்தப் பாதையில் பறந்த ஐந்து கேட்டலினாக்களுக்கும் அவற்றின் பெயரையே வைத்தார்கள்: ஸ்பைகா, அன்டாரஸ், அல்டேர், வேகா, ரைகல். நம் பஞ்சாங்கத்தில் முதல் மூன்றும் சித்திரை, கேட்டை, திருவோணம், வேகாதான் அபிஜித்.

பயணம் 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. ஏறியவர்கள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். ‘இரட்டைச் சூரியோதயத்தின் ரகசியக் குழு’வில் சேர்ந்ததாக அவர்களுக்குச் சான்றிதழும் தரப்பட்டது. ஒரு முறை காற்று எதிர்த்ததில் 32 மணி 9 நிமிடம் வானிலேயே இருந்தார்கள். 2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் உண்டு. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம்.

கொக்கல ஏரியில் விமானம் தண்ணீரைத் தொட்டதும் பை கைமாறியது. அடுத்து கராச்சி, பிறகு மத்தியக் கிழக்கு வழியாக லண்டன். அங்கே யாரோ ஒரு தாய் அதிலிருந்த ஒரு கடிதத்தைப் பிரித்திருப்பாள். அவளுக்கு அது எடையே இல்லாத ஒரு தாள்.

1945 வரை கேட்டலினாக்கள் இந்தக் கடலை 271 முறை தாண்டின, ஒன்றுகூடத் தொலையவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவுடனான கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். கொக்கல ஏரியின் மேல் சித்திரையும் கேட்டையும் இன்றும் உதிக்கின்றன. அந்தப் பைக்கு வழி காட்டியவற்றில் மிஞ்சியவை அவைதான்.