தறிமேல் தொங்கும் ஏடுகள்

சேலம் அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் நெசவுத் தெருக்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு ஜக்கார்டுப் பெட்டி புதியதன்று. தறியின் தலைக்குமேல் சட்டத்தில் அமர்ந்திருக்கும் அப்பெட்டியிலிருந்து, துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றால் கோக்கப்பட்டு மாலைபோலத் தொங்கும். கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ தொடங்குவர். இச்சமவெளியிலிருந்து எழுதும் நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை; அண்ணாந்து பார்த்தால் போதும்.

அட்டையின் வேலை எளிது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டை வந்து ஊசிகளின்மேல் அழுந்துகிறது. துளை இருக்குமிடத்தில் ஊசி உட்புகும். அதற்குரிய கொக்கி தன் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும். நூல் கீழேயே கிடக்கும். நூல் மேலா, கீழா என்ற ஒரே வினாவைப் பெட்டியிலுள்ள 120 அல்லது 240 கொக்கிகளிடமும் ஒவ்வோர் அட்டையும் கேட்கிறது. அவ்விரண்டு விடைகளிலிருந்தே மாங்காயும் மயிலும் முந்தானையில் பிறக்கின்றன.

இரண்டே விடை என்பது யாப்பறிந்த நம் வட்டத்தார்க்கு வியப்பளிக்காது. நேர், நிரை என்ற இரண்டசையே நம் முதல். ஈரசை கூடினால் நான்கு சீர். மூவசை கூடினால் எட்டு. நாலசை கூடினால் பதினாறு. கணிப்பொறியாளர் இன்று இரண்டிரண்டாகப் பெருக்கிச் செல்லும் கணக்கும் இதுவே. இதைக்கொண்டு கணிப்பொறியைக் கண்டவர் தமிழரே என்று மேடையேறி முழங்க வேண்டா. அப்படி முழங்குவோர் போதிய அளவு இருக்கிறார்கள். ஒரு வாய்பாடு நமக்குப் பழக்கமானது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

துளையால் நெசவை ஆளும் எண்ணம் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் தோன்றியது. 1725இல் பசீல் பூஷோன் துளையிட்ட தாள்சுருளைப் பயன்படுத்தினார். 1728இல் ஃபால்கோன் சுருளுக்கு மாற்றாக அட்டைகளைக் கோத்தார். இவற்றையெல்லாம் சீர்செய்து 1804இல் தம் பெயர் நிலைக்கும் பொறியை அமைத்தவர் ஜோசப் மரி ஜக்கார்டு. அதற்குமுன் பூ வேலைக்குத் தறியருகே ஒருவர் நின்று, வரிசை பிசகாமல் கயிறுகளை இழுக்க வேண்டும். பெரும்பாலும் சிறுவர்களே அவ்வேலை செய்தனர். நம் நாட்டுத் தறிகளிலும் கயிறிழுக்கும் துணையாள் இருந்ததுண்டு. எந்த ஊடைக்கு எந்தக் கயிறு என்பது அவ்வாளின் மனப்பாடம். அந்த மனப்பாடத்தைத்தான் அட்டை வாங்கிக்கொண்டது. வாய்மொழியாக இருந்த பாட்டு ஏட்டில் ஏறியதற்கு இதை ஒப்பிடலாம். ஓலைச்சுவடியும் துளையிட்டுக் கயிற்றில் கோத்ததுதானே! ஏடு மாறிக் கிடந்த சுவடிகளை ஒழுங்குசெய்ய உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டை நாமறிவோம். அட்டை ஒன்று இடம் மாறினால் சேலையில் பூ உடையும்.

1839இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் ஒரு படியை இலண்டனில் தம் இல்லத்தில் வைத்திருந்தார் சார்லஸ் பாபேஜ். அச்சுப்படம் என்று எண்ணிய விருந்தினர், அது நெசவு என்றதும் வியந்தனராம். 1830களின் நடுவிலிருந்து அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரம் அட்டைகளாலேயே ஆணை பெறுவதாக இருந்தது. அவர் வாழ்நாளில் அது முற்றுப்பெறவில்லை.

அட்டை பூக்களை விட்டு மனிதரை எண்ணப் புகுந்த கதைக்கு முன்னுரையாக நம் மாவட்டத்துக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது 16 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவு. இடையே வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். மாண்டவர், ஊர்விட்டுப் போனவர், பிறவாமலே போனவர் எல்லாரும் அந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கழித்தலுக்குள் அடங்கியுள்ளனர். எழுத்தர்கள் கையால் எண்ணிக் கூட்டிய கணக்கு அது.

அதே காலத்தில் அமெரிக்கா தன் 1880ஆம் ஆண்டுக் கணக்கைத் தொகுக்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் திணறியது. அத்துறையில் பணியாற்றிய ஹெர்மன் ஹொலரித் ஆளுக்கோர் அட்டை வகுத்தார். வயது, பால், பிறந்த இடம், தொழில் ஒவ்வொன்றுக்கும் துளைக்கு இடமுண்டு. துளையினூடே முள் இறங்கிக் கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், எண்முகத்தில் முள் ஓரிடம் நகரும். ஏறத்தாழ 6 கோடியே 26 இலட்சம் பேரை 1890இல் அப்பொறிகள் எண்ணின. ஜக்கார்டைப் பார்த்தே ஹொலரித் இதைச் செய்தார் என்று எழுதிவிட எளிது. அவர் தாமே நினைவுகூர்ந்தது, பயணியின் தலைமயிர், கண், மூக்கு ஆகியவற்றின் அடையாளத்தைப் பயணச்சீட்டில் துளையாகக் குறித்த இரயில் நடத்துநரை. ஒருவரை அவராகவே அடையாளம் காட்டும் துளை அது. அவர் 1896இல் நிறுவிய நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது.

நம் நாட்டுக் கணக்கெடுப்பு உடனே பொறியை நாடவில்லை. 1901இல் வந்தது சீட்டு முறை: ஆளுக்கொரு சீட்டு, சமயத்திற்கொரு நிறத்தாள், அவற்றை அறைகளில் பிரித்தடுக்கும் எழுத்தர் கூட்டம். கைக்கூலி மலிந்த நாட்டில் காரணம் கேட்க வேண்டியதில்லை. துளையட்டையை இங்கே பெரிய அளவில் ஆண்டவர்களுள் தலையாயவர் கல்கத்தாவின் மகலனோபிஸ். 1931இல் அவர் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து வந்த கருவியே இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி. அதன் பெயரிலேயே ஹொலரித் இருந்தார். அதற்கு எண்களை ஊட்டியதும் அட்டைதான். 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 அமைந்தபோதும் மாணவர்கள் அட்டைக் கட்டுகளை ஏந்தியே வரிசையில் நின்றனர். பின்னர்த் திரையும் விசைப்பலகையும் வந்தன. கணிப்பொறி உலகம் அட்டையைக் கைவிட்டது.

தறி கைவிடவில்லை. 1960இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் முதல் தெருமுனை அட்டை குத்துபவர் வரை, கட்டத்தாளில் வரைந்த பூவைத் துளையாக மாற்றும் கலை இங்கே தொடர்ந்தது. இப்போது கணிப்பொறியிலேயே பூவை வரைகிறார்கள். மின்னணு ஜக்கார்டு அட்டையின்றியே நூலைத் தூக்குகிறது. கடன் கொடுத்த வீட்டுக்கே கடனாளி வந்து குடியேறியது போன்ற நிலை. இதில் எனக்கு வருத்தமில்லை. பழைய அட்டைக் கட்டுகள் எடைக்குப் போவதில்தான் வருத்தம். சுவடி கரையானுக்குப் போனதைப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை. ஆக்கியோன் பெயரில்லாத ஏடுகள் அவை. வேறெங்கும் படியில்லாத பூக்கள் பல அவற்றில் இருக்கக்கூடும்.

கல்கத்தாவில் அன்று துளைத்த அட்டைகளை வாசிக்கும் பொறி இன்று வழக்கில் இல்லை. பரணில் கிடக்கும் ஒரு சேலை அட்டைக்கட்டை இறக்கித் தூசி தட்டி, அற்ற கயிற்றை முடிந்து, அதே கொக்கிக் கணக்குள்ள பெட்டியில் ஏற்றினால், மிதியை அழுத்திய மாத்திரத்தில் அது பூவைச் சொல்லத் தொடங்கும்.