திருவண்ணாமலை நகராட்சி: மக்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமையின் வரலாறு

நகர ஆட்சி தான் வாங்கும் வரிக்கும் செய்யும் செலவுக்கும், செய்யத் தவறிய வேலைக்கும் குடிமக்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இக்கடமை திருவண்ணாமலையில் எப்படி உருவாயிற்று, குடியிருப்பு, சுகாதாரம், சமத்துவம் ஆகிய மூன்றிலும் எவ்வளவு நிறைவேறியது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் 1,45,278 பேர் வசித்தனர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க வருவோரும், கார்த்திகைத் தீபத்துக்குத் திரள்வோரும் இதைவிடப் பன்மடங்கு. வருவோருக்கான ஏற்பாடுகளுக்கு நடுவே, இங்கேயே வாழ்வோரின் வீடும் சாக்கடையும் குடிநீரும் பின்னுக்குப் போவதே இந்நகரின் நெடுங்காலச் சிக்கல்.

முன்வரலாறு

கணக்குக் கேட்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்கின்றன. ஆனால் அந்தச் சபை நிலமுடைய அந்தணரின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. கேள்வி கேட்கும் உரிமை இருந்தது, அது எல்லோருக்கும் இருக்கவில்லை.

தற்கால நகராட்சி ஆங்கிலேயர் காலத்தில் பிறந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1884-இல் சென்னை மாகாண மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது. 1886-இல் திருவண்ணாமலை நகராட்சி அமைந்தது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், திருத்தங்களோடு ஒரு நூற்றாண்டு காலம் தமிழக நகராட்சிகளை நடத்தியது. அதன் இடத்தை 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் பிடித்தது.

சுகாதாரம்

1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், தொற்றுநோய் ஆகியவற்றோடு சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. காலரா திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் பரவிய காலம் அது. நகராட்சி தன் வருவாயில், அரசு மானியம் நீங்கலாக, 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. வரவுசெலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் எந்தக் குடிமகனும் நகராட்சியைக் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்டவர்கள்தாம் குறைவு.

பணமில்லை என்ற பதிலை உச்ச நீதிமன்றம் 1980-இல் மறுத்தது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காத மக்கள் தொடுத்த வழக்கு அது. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். இந்தியாவின் எந்த நகராட்சிக்கும் பொருந்தும் தீர்ப்பு இது.

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வி குப்பையின் வடிவில் எழுந்தது. கிரிவலப் பாதையை ஒட்டிய ஈசானிய மைதானத்தில் நகரின் குப்பை ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டது. அதற்கு மாற்றாகக் கவுத்தி மலையடிவாரத்தில் உள்ள புனல்காட்டில் கிடங்கு அமைக்கும் முயற்சியை எதிர்த்து 2023-இல் அவ்வூர் மக்கள் போராடினார்கள். நகரத்தின் குப்பையைக் கிராமத்தின் தலையில் இறக்குவது தீர்வாகாது என்பது அவர்கள் வாதம். முன்னதாக 2016-இல், கிரிவலச் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் பணி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்று தடைபட்டது. நகர்மன்றத்தில் விவாதித்து முடிக்க வேண்டியவை நீதிமன்றப் படியேறின.

சமத்துவம்

கோயில் நகரத்தில் தெருவே சாதியின் எல்லையாக இருந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் யாவும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். உள்ளாட்சியிடம் சமத்துவம் கேட்கும் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் கோயில் கதவையும் திறந்தது. ஆயினும் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், பட்டியல் சாதி மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு. சட்டம் வந்ததும் சமத்துவம் தானாக வந்துவிடாது.

நகராட்சிக்குள் இருக்கும் சமத்துவக் கேள்வி தூய்மைப் பணியாளர்களைப் பற்றியது. கையால் மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டின் சட்டமும், அதைவிடக் கடுமையான 2013-ஆம் ஆண்டின் சட்டமும் தடை செய்தன. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. திருவிழா முடிந்த மறுநாள் காலையில் வீதியைக் கூட்டுவோர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்களா, கையுறையும் காலணியும் பெற்றார்களா என்பது நகரின் சமத்துவத்துக்கு உரைகல்.

குடியிருப்பு

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. புறம்போக்கில் வாழ்வோரின் வழக்கில் பெரும் திருப்பம் 1985-இல் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. சேலம் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குச் சென்று நடைபாதையோரம் குடியேறிய தமிழர் ஒருவரும் அவ்வழக்கின் மனுதாரர். பிழைக்கும் வழி உயிர் வாழும் உரிமையின் பகுதி, முன்னறிவிப்பின்றி யாரையும் அகற்றக் கூடாது என்றது நீதிமன்றம். நடைபாதையில் நிரந்தரமாக வாழும் உரிமையை அது வழங்கவில்லை.

திருவண்ணாமலையில் இந்தச் சிக்கல் மலைச்சரிவில் வெடித்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. 7 பேர் மாண்டனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அவ்வாண்டு டிசம்பர் 13-இல் ஏற்றப்பட்ட மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலை ஆக்கிரமிப்பு குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆய்வுக் குழுவும் அமைந்தது.

ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் இவ்விஷயத்தை முடித்துவிட முடியாது. ஏழைக்கு எட்டும் விலையில் நகருக்குள் மனை கிடைக்காதபோதுதான் மலையடிவாரம் வீடாகிறது. அங்கே தெரு உருவாவதையும் மின்கம்பம் நடப்படுவதையும் பல ஆண்டுகள் பார்த்திருந்த ஆட்சி, மண் சரிந்த பிறகு குடியிருந்தவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. ஆபத்தான சரிவிலிருந்து மக்களை வெளியேற்றத்தான் வேண்டும். வெளியேற்றும் முன்பே பட்டாவோடு மாற்று இடம் தருவதும், அந்த இடம் அவர்கள் வேலைக்குப் போகும் தொலைவில் இருப்பதும் அரசின் பொறுப்பு.

கேள்வி கேட்கும் வழிகள்

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்தியபின், 2022 பிப்ரவரி 19 வரை நகராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. கொரோனாக் காலத்திலும் வார்டு மக்களுக்குக் கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2022 தேர்தலில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு செயலுக்கு வந்தது. நகராட்சித் தலைவரான நிர்மலா வேல்மாறன், 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது அதன் முதல் மேயரானார்.

தகவல் அறியும் உரிமைக்கு 1997-இலேயே சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் நிறைந்த அச்சட்டத்தைவிட 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வலுவானது. உள்ளாட்சி நிதித் தணிக்கையும், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவமும், ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டமும் ஏனைய வழிகள். இவற்றுள் இளையது பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் அது முதன்முதலாகக் கூடியது. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்து வார்டுக்கு அது அப்படி.

மதிப்பீடு

திருவண்ணாமலையின் அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. இங்கே சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கேள்வி பெரும்பாலும் நீதிமன்றத்திலோ, உயிர்ப்பலிக்குப் பிறகோதான் எழுந்திருக்கிறது. மாநகராட்சி என்ற தகுதியோடு வரியும் பரப்பும் கூடும், சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதன் பொறுப்புக்குள் வரும். வார்டுக்கு வார்டு பகுதி சபை ஒழுங்காகக் கூட வேண்டும். சுகாதாரத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு எங்கே, தூய்மைப் பணியாளருக்கு நிரந்தரப் பணி எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே எழுத்தில் பதில் பெறுவது நகர மக்களின் உரிமை. அடுத்த மழைக்கு முன்பே அதைக் கேட்டுப் பெற வேண்டும்.