கப்பல் துறையில் வளர்ந்த வட்ட ரம்பம்

பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், கடற்படை வாரியத்தின் கப்பல்களுக்காகப் பேரி மரத்திலும் பாக்ஸ் மரத்திலும் கடைந்திழைத்துச் செய்யப்பெற்று, இன்று கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்துப் பேணப்படும் மாதிரிக் கப்பல்களைக் காண்போர் அவற்றின் பீரங்கிகளையும் பொன்முலாமிட்ட சிற்பங்களையுமே வியக்கின்றனர். மெல்லிய மரப்பட்டிகளை அறுத்தெடுத்த கைத்திறனைப் பற்றி நினைப்பவர் அரியர். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில், மெய்க்கப்பலின் 4 அங்குலக் கனமுள்ள பலகை மாதிரியில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்து நிற்கும். வட்ட ரம்பம் வழக்கிற்கு வராத அக்காலத்தில் அதைக் கைரம்பத்தால் அறுத்து, இழைப்புளியால் சீவித்தான் எடுக்க வேண்டும். ஆந்தனி டீன் என்ற கப்பல் தச்சர் தமக்கொரு மாதிரி தருவதாக வாக்களித்ததைக் கடற்படை வாரிய அதிகாரியான சாமுவேல் பீப்ஸ் 1662-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதி வைத்ததில் ஆச்சரியமில்லை.

பிற்காலத்தில் மாதிரி செய்வோருக்கு இவ்வுழைப்பைச் சுருக்கிக் கொடுத்த வட்ட ரம்பமும் கப்பல் துறையோடு தொடர்புடையதே என்பது விசித்திரம். சௌதாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-ல் பெற்ற காப்புரிமையில் அதைப் பற்றிய குறிப்பு உண்டு. அதே ஊரில் வால்ட்டர் டெய்லர், பாய்மரக் கயிறுகள் ஓடும் கப்பிகளுக்கு மரம் அறுக்க அதைப் பயன்படுத்தினார். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பிகள் வேண்டியிருந்ததால், போர்ட்ஸ்மத்தில் மார்க் புரூனல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த யந்திரங்கள், 1808-ஆம் ஆண்டளவில் வருஷத்திற்கு 1,30,000 கப்பிகளைச் செய்யலாயின.

ஆனால் அறுக்கும் வேகம் கூடிய அளவுக்கு அபாயமும் கூடிற்று. வட்ட ரம்பத்தின் முன்புறப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பின்புறப் பற்களோ மேலெழுகின்றன. அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொண்டாலும், பட்டியானது ரம்பத்துக்கும், மரத்தை நேராகச் செலுத்தும் பக்கத்து வழிச்சட்டத்துக்கும் இடையே நெரிந்தாலும், அம்மேலெழும் பற்கள் அதைத் தூக்கி, கிட்டிப்புள்ளைப் போல அறுப்பவன் மீதே எறிந்துவிடும். மெல்லிய பட்டிக்கு வேறொரு கேடும் உண்டு: மேஜையில் ரம்பம் எழும் இடைவெளி அகலமாயிருந்தால் அது கீழே சரிந்து ரம்பத்தில் சிக்கும், அதைக் காக்க நீளும் விரலோ பற்களுக்கு மிக அருகே சென்றுவிடும்.

பிளவு மூடாதபடி ரம்பத்தின் பின்னே தகடு பொருத்துவதும், விரலுக்குப் பதிலாகத் தள்ளுகோலைக் கைக்கொள்வதும் நல்ல தச்சருக்கு விளங்கக்கூடிய எளிய உபாயங்களே. எனினும் பிரிட்டனின் 1922-ஆம் ஆண்டு மரவேலை யந்திர விதிகள் இவ்விரண்டையும் தொழிற்சாலைகளுக்குக் கட்டாயமாக்கியது, மில்லரின் காப்புரிமைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகே. அத்தனை தாமதத்தை நான் மன்னிக்கத்தக்கதாகக் கருதவில்லை.

அவ்விதிகள் வீட்டு மேஜையில் மாதிரி செய்பவனைக் கட்டுப்படுத்தியதில்லை. அவனுடைய சிறு ரம்பமும் விரலை அறியாது. ஆகவே நிதானமுள்ளவன், இடைவெளியை ரம்பத்தோடு நெருங்கிய பலகையால் அடைத்து, பற்களை மரத்துக்குச் சற்றே மேலாக நிறுத்தி, வேண்டிய பட்டி வழிச்சட்டத்தின் பக்கம் அகப்படாமல் ரம்பத்தின் வெளிப்புறத்தில் விழுமாறு ஒவ்வோர் அறுப்புக்கும் சட்டத்தை நகர்த்தி, தான் ரம்பத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று அறுக்கிறான். அரை மில்லிமீட்டர்த் தகட்டு மரமாயின் யந்திரத்தையே நாடாமல், இரும்பு அளவுகோலை ஒட்டிக் கூரிய கத்தியால் மென்மையாகப் பலமுறை கீறி எடுத்துக்கொள்கிறான்.