மடிக்கணினி இறக்குமதிச் செலவு

மடிக்கணினி இறக்குமதிச் செலவு என்பது, வெளிநாட்டில் வாங்கப்பட்ட மடிக்கணினி ஒன்று இந்தியாவிலுள்ள பயனரின் கைக்கு வந்து சேரும்வரை அதன் விலைக்கு மேலாகச் செலுத்தப்படும் வரிகளையும் கட்டணங்களையும் குறிக்கும். இந்தியாவில் மடிக்கணினிக்கான அடிப்படைச் சுங்கவரி சுழியம் ஆகும். எனினும் மொத்தச் செலவு, கணினி எவ்வழியாக வருகிறது என்பதைப் பொருத்தே அமைகிறது. பயணி ஒருவர் தம்முடன் கொண்டுவரும் ஒரு மடிக்கணினிக்கு வரி இல்லை. அதே கணினி கூரியர் மூலம் வந்தால் வரி உண்டு. வானூர்தி நிலையமோ துறைமுகமோ இல்லாத தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இவ்வேறுபாடு குடும்பங்களின் செலவில் நேரடியாகத் தெரிகிறது.

வரி அமைப்பு

உலக வணிக அமைப்பின் தகவல் தொழினுட்ப உடன்பாடு 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவானது. இந்தியா 1997 இல் இதில் இணைந்தது. இதன்படி கணினிகள் மீதான அடிப்படைச் சுங்கவரி படிப்படியாக நீக்கப்பட்டது. சுங்கக் கட்டணப் பட்டியலில் மடிக்கணினி 8471 என்னும் தலைப்பின் கீழ் வருகிறது.

2017 சூலை 1 முதல் இறக்குமதியாகும் பொருட்கள் மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. மடிக்கணினிக்கு இதன் வீதம் 18% ஆகும். சமூக நல மேல்வரி அடிப்படைச் சுங்கவரியின் மீதே கணக்கிடப்படுவதால், அடிப்படை வரி சுழியமாக உள்ள மடிக்கணினிக்கு அதுவும் சுழியமாகிறது.

பயணப் பொதியில் கொண்டுவருதல்

18 வயது நிறைந்த பயணி ஒருவர், தமது பயணப் பொதியில் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரலாம். இச்சலுகை 2004 ஆம் ஆண்டின் சுங்க அறிவிக்கை ஒன்றால் வழங்கப்பட்டது. வானூர்திப் பணியாளருக்கு இது பொருந்தாது. பயணிக்குரிய பொதுவான வரிவிலக்கு வரம்பில் இக்கணினியின் மதிப்பு சேர்க்கப்படுவதில்லை.

பொதுவான வரம்பு 2016 ஆம் ஆண்டின் பயணப் பொதி விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் இதனை 75,000 ரூபாயாக உயர்த்தின. மடிக்கணினிக்கான தனிச் சலுகை இவ்விதிகளிலும் தொடர்ந்தது. இரண்டாவது மடிக்கணினி கொண்டுவரப்பட்டால் அது பொதுவான வரம்புக்குள் கணக்கிடப்படும். வரம்பை மீறிய மதிப்புக்கு 2018 முதல் மேல்வரி உட்பட 38.5% வரி விதிக்கப்பட்டது. ஒரு பயணியின் வரம்பை மற்றொருவரின் வரம்புடன் சேர்த்துக் கணக்கிட இயலாது.

1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு, பயணியோ அவர்தம் குடும்பத்தினரோ பயன்படுத்தும் பொருட்களையும் உண்மையான அன்பளிப்புகளையுமே பயணப் பொதிச் சலுகைக்கு உரியனவாகக் கொள்கிறது. கூலி பெற்றுக்கொண்டு பிறருக்காகக் கொண்டுவரப்படும் கணினி இதில் அடங்காது. வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர் சிவப்பு வழியில் சென்று அதனை அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பொருள் பறிமுதலுக்கும் தண்டத்திற்கும் உள்ளாகலாம்.

இந்தியாவிலிருந்து தமது மடிக்கணினியை வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்பவர், புறப்படும்போது சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெறலாம். திரும்பி வரும்போது அக்கணினி புதிதாக வாங்கப்பட்டதன்று என்பதற்கு இது சான்றாகும்.

கூரியர் மற்றும் அஞ்சல்

இணையத்தில் வாங்கப்படும் அல்லது உறவினர் அனுப்பும் கணினி பெரும்பாலும் கூரியர் மூலம் வருகிறது. இதற்கான வரி பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே மதிப்பீட்டுத் தொகை ஆகும். காப்பீட்டுத் தொகை தெரியாதவிடத்து விலையில் 1.125% சேர்க்கப்படும். வெளிநாட்டு நாணயம் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று வீதத்தின்படி ரூபாயாக மாற்றப்படும்.

எடுத்துக்காட்டாக, 800 டாலர் விலையுள்ள கணினியை எடுத்துக்கொள்ளலாம். டாலருக்கு 85 ரூபாய் எனவும், சரக்குக் கட்டணம் 6,000 ரூபாய் எனவும் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

* பொருளின் விலை: 68,000 ரூபாய்
* சரக்குக் கட்டணம்: 6,000 ரூபாய்
* காப்பீடு (1.125%): 765 ரூபாய்
* மதிப்பீட்டுத் தொகை: 74,765 ரூபாய்
* அடிப்படைச் சுங்கவரி: 0
* ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி (18%): 13,457.70 ரூபாய்
* மொத்தம்: 88,222.70 ரூபாய்

கூரியர் நிறுவனம் சுங்கப் பணிக்காகவும் வரியை முன்கூட்டிச் செலுத்துவதற்காகவும் பெறும் கட்டணம் இதில் சேராது. தனிப்பட்ட பயன்பாட்டிற்கென வான்வழியாகவோ அஞ்சலிலோ வரும் வரிக்குரிய பொருட்களுக்கு 9804 என்னும் தனித் தலைப்பும் உண்டு. அதன் வீதம் வேறானது. ஆகையால் பொதி எத்தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதை வரி ஆவணத்தில் சரிபார்ப்பது பயனுள்ளது. அஞ்சலில் வரும் பொதிக்கான வரியை அஞ்சலகமே பெறுநரிடம் வசூலிக்கிறது.

அன்பளிப்பு என எழுதி அனுப்பினால் வரி இல்லை என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. 2019 டிசம்பருக்குப் பின் இது பொருந்தாது. அப்போது வெளியான அறிவிக்கை, உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கியும் தவிர்ந்த பொருட்களை வரியின்றி அன்பளிப்பாக இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. முழு வரி செலுத்திப் பெறுவதற்குத் தடையில்லை.

2023 ஆம் ஆண்டின் கட்டுப்பாடு

2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் தேவை என வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் அறிவித்தது. மறுநாளே இது அக்டோபர் 31 வரை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் இறக்குமதியாளர் இணையவழியில் அனுமதி பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. பயணப் பொதியில் வரும் கணினிக்கும், கூரியரிலோ அஞ்சலிலோ வரும் ஒரே ஒரு கணினிக்கும் உரிமம் தேவையில்லை என முதல் அறிவிக்கையே விலக்கு அளித்திருந்தது. இவ்விலக்கு உரிமத்திற்கு மட்டுமே உரியது. கூரியரில் வரும் கணினிக்கான வரி நீங்கவில்லை.

தேனி மாவட்டத்தில்

தேனிக்கு அருகிலுள்ள பன்னாட்டு வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது. இங்கிருந்து 2012 இல் கொழும்புக்கும் 2013 இல் துபாய்க்கும் பன்னாட்டுச் சேவைகள் தொடங்கின. கம்பம், கூடலூர் பகுதியினர் குமுளி மலைப்பாதை வழியாகக் கொச்சி வானூர்தி நிலையத்தையும் அடையலாம். பயணி முதலில் வந்திறங்கும் நிலையத்தில் சுங்க நடைமுறை முடிந்த பின், சொந்தப் பயன்பாட்டிற்கான கணினிக்கு மாநில எல்லையில் மீண்டும் வரி இல்லை.

கல்லூரியில் சேரும் மாணவருக்கு வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் கணினி வாங்கித் தரும்போது, அனுப்புவதா அல்லது அவர் ஊர் திரும்பும்வரை காத்திருப்பதா என்பதே முதன்மையான கேள்வியாகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி காத்திருந்தால் 20,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஆயினும் வாங்கும் நாட்டின் வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 முதல் 5% மதிப்புக்கூட்டு வரியும், சிங்கப்பூரில் 2024 முதல் 9% சரக்கு மற்றும் சேவை வரியும் உள்ளன. இவற்றைத் திரும்பப் பெறும் வசதி சுற்றுலாப் பயணியருக்கு உரியது. அங்கு பணி அனுமதி பெற்று வாழ்வோருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர் போன்று சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்றவர், தொழிலுக்கென இறக்குமதி செய்யும் கணினியின் 18% வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். இதற்கு இறக்குமதி ஆவணத்தில் அவரது பதிவெண் இடம்பெற வேண்டும். மாணவருக்கோ ஊதியம் பெறுவோருக்கோ இவ்வாய்ப்பு இல்லை.

பிற கவனங்கள்

* பழைய கணினிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதுப்பித்து விற்கப்படும் கணினியை வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைப்பது சிக்கலுக்கு உள்ளாகலாம்.
* உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை வாங்கும் முன் அறிய வேண்டும். செல்லாவிடில் ஒரு பழுதே மிஞ்சிய தொகையைக் கரைத்துவிடலாம்.
* மின்னேற்றி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதாக இருப்பின், செருகி மாற்றி மட்டும் போதுமானது.
* லித்தியம் மின்கலம் உள்ளதால் மடிக்கணினியைக் கைப்பொதியில் எடுத்து வருவது நன்று. தனியாக உள்ள உதிரி மின்கலத்தைச் சரக்கறைப் பொதியில் வைக்கக் கூடாது.
* விலைச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். சுங்க மதிப்பீட்டிற்கும் உத்தரவாதத்திற்கும் அதுவே அடிப்படை.

இவற்றையும் பார்க்கவும்

* சுங்கவரி
* சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
* மதுரை வானூர்தி நிலையம்
* கம்பம் பள்ளத்தாக்கு