ஊமைக்காயம்: நிரப்பு ஊசியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஊமைக்காயம் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. தோல் கிழியாமல், ரத்தம் வெளியே வராமல், உள்ளுக்குள்ளேயே கன்றிப்போகிற அடிக்கு அந்தப் பெயர். வாய் இல்லாத காயம், அதனால் ஊமை. ஆனால் காயங்களிலேயே அதிகம் பேசுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கன்னத்தில் நீலம் பாரித்த ஒரு பெண் தெருவில் இறங்கினால் பார்க்கிற நாலு பேரும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அந்தக் கதைகளுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்கென்றே இன்றைய அழகு மருத்துவத்தில் ஒரு சின்ன அறிவுத்துறை வளர்ந்திருக்கிறது. ஃபில்லர் எனப்படும் நிரப்பு ஊசியைக் கன்னத்திலோ உதட்டிலோ போட்டுக்கொண்டவருக்கு வருகிற கன்றலை எப்படிக் குறைப்பது என்பதே அதன் விஷயம். அற்பமாகத் தெரியலாம். உடலரசியல் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் இவ்வளவு பேசியாகிவிட்டது. இந்த அற்பத்தின் வரலாற்றையும் ஒருதடவை பார்த்துவிடுவோம்.

1893இல் குஸ்டாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய மருத்துவர் நோயாளியின் கையிலிருந்து கொழுப்பை எடுத்து, முகத்தில் குழிவிழுந்திருந்த தழும்பை நிரப்பினார். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு அந்த இடத்தில் வாசலினை ஊசிவழி ஏற்றினார். இரண்டுமே நோய் அழித்துவிட்டுப்போன இடத்தை நிரப்பும் முயற்சிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அழகு பின்னால்தான் வந்தது. வந்ததும் அவசரமாக வந்தது. சில வருஷங்களிலேயே பாரஃபின் மெழுகு பணக்காரர்களின் மூக்குகளுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், இருபதுகளின் தொடக்கத்தில் மூக்குத்தண்டை நேராக்கிக்கொள்ள அதை ஏற்றிக்கொண்டார். மெழுகு இடம்விட்டு நழுவி முகத்தைக் குலைத்துவிட்டது. வேறு பலருக்கு அது கட்டிகட்டியாக இறுகிப்போனது.

பாரஃபின் போய் சிலிக்கோன் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில், அமெரிக்கச் சிப்பாய்களை நம்பிப் பிழைத்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் மார்புகளில் தொழிற்சாலைச் சிலிக்கோன் ஏற்றப்பட்டது. பிறகு அது அமெரிக்காவுக்கும் போய், அங்கேயும் உடல்களைப் பாழாக்கி, 1970களில் நெவாடா மாநிலம் அதைக் குற்றமாக்கும் அளவுக்கு வந்தது. யார் உடம்பில் முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள், யார் உடம்பு கெட்ட பிறகு சட்டம் வருகிறது என்ற கேள்வியை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

1981இல் மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அதில் ஒரு சங்கடம். சிலருக்கு அது ஒவ்வாது. ஆகவே முன்கையில் துளி ஏற்றி, நாலு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக முடியும். இந்தக் காத்திருப்பை ஒழித்தது ஹையலுரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக்கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் தோலிலேயே இருக்கிறது. பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ரெஸ்டிலேன் என்ற ஸ்வீடன் தயாரிப்பு 1996இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. முன்சோதனை தேவையில்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் போட்டுக்கொண்டு திரும்பவும் வேலைக்கு வந்துவிடலாம்.

கன்றல் ஒரு பிரச்சினையாக ஆனது இங்கேதான் என்பது என் கணிப்பு. மெழுகு முகத்தில் வழிந்த காலத்தில் பத்து நாள் நீலத்தை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? பெரிய ஆபத்துகள் குறையக் குறைய, ஊசிக்கும் ஆபீஸுக்கும் நடுவே மிஞ்சிய ஒரே தடை இந்தக் கன்றல். அது காட்டிக்கொடுத்துவிடும். இயற்கையாகவே இப்படி இருக்கிறேன் என்று சொல்ல விடாது.

கன்றல் என்றால் என்ன? ஊசி முனை நுண்ணிய ரத்தக்குழாயைக் குத்திவிடுகிறது; ரத்தம் திசுவுக்குள் கசிகிறது. சிவப்பும் நீலமுமாக இருப்பது, ஹீமோகுளோபின் சிதையச் சிதையப் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி ஒன்றிரண்டு வாரத்தில் மறைகிறது. உதட்டில் ரத்த ஓட்டம் அதிகம், கண்ணுக்குக் கீழே தோல் மெல்லிசு. அங்கெல்லாம் சீக்கிரம் கன்றும். கருத்த தோலில் மஞ்சள் சரியாகத் தெரியாது, ஆனால் கறை போன்ற ஒரு கருமை வெகுநாள் தங்கிவிடலாம்.

குறைக்கும் வழிகள் எளியவை. மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. கூர் ஊசிக்குப் பதில் மொட்டை முனையுள்ள கேனுலாவைப் பயன்படுத்துவது. அது குழாயைக் குத்தாமல் பெரும்பாலும் ஒதுக்கிக்கொண்டு போகும். உடனே அழுத்திப் பிடிப்பது, துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது. ஒருநாளைக்குக் குடியும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். ஆர்னிகா களிம்பு, அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமலெய்ன் என்று சொல்வார்கள். இவற்றுக்கான சான்று பலவீனம். முக்கியமான அறிவுரை இன்னொன்று: ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளை நிறுத்து என்பது.

இந்த 'ஒரு வாரம்' எங்கிருந்து வந்தது? ஆஸ்பிரின் என்ற பெயர் பதிவானது 1899இல், கெர்சுனி வாசலின் ஏற்றிய அதே வருஷம். 1940களில் லாரன்ஸ் கிரேவன் என்ற கலிஃபோர்னிய மருத்துவர், டான்சில் எடுத்தவர்கள் ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றால் அதிகம் ரத்தம் வடிவதைக் கவனித்தார். அப்படியானால் இதயக்குழாயில் ரத்தம் உறைவதையும் இது தடுக்குமே என்று யோசித்தார். 1971இல் ஜான் வேன் ஆஸ்பிரின் வேலைசெய்யும் விதத்தை விளக்கினார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்பிரின் தொட்ட ரத்தத் தட்டணு சாகும்வரை மீளாது. அதன் ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். புதுசு உற்பத்தியாகி வர அவ்வளவு நாள் வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர், முகத்தில் நீலம் வரக் கூடாதென்று தானாக அதை நிறுத்தினால் உயிரைப் பணயம் வைக்கிறார். வைத்தியரைக் கேட்காமல் செய்யக் கூடாத காரியம் அது.

கன்றலே கவலையாகிவிட்டால் வேறொன்று கண்ணில் படாமல் போகும். நிரப்புப் பொருள் தமனிக்குள் போய் அடைத்துக்கொண்டால் தோல் நீலமாவதற்கு முன் வெளுக்கும், வலைபோலத் திட்டுத்திட்டாகும், சாதாரணமாக இல்லாத வலி எடுக்கும். பார்வை மங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. பாரஃபின் ஊசியால் கண்பார்வை போன செய்தி 1903லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஹையலுரானிக் அமிலத்தை ஹையலுரானிடேஸ் கொண்டு கரைக்கலாம், உடனே கவனித்தால். இதைச் 'சும்மா ரத்தக்கட்டுதான்' என்று ஒத்தடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் உண்மையான ஆபத்து.

இனி மறுபக்கம். காயத்தைக் காட்ட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். உள்காயம் மட்டும் படும்படி அடிக்கிற வித்தை நம் காவல்நிலையங்களுக்குப் புதிதில்லை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம், கைதானவர் கேட்டால் உடம்பிலுள்ள பெரிய, சிறிய காயங்களை அப்போதே பதிவுசெய்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. அங்கே கன்றலின் நிறம் சாட்சியம். மஞ்சள் தெரிந்தால் அடிபட்டுப் பதினெட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பதற்குமேல் நிறத்தை வைத்து உறுதியாக நாள் சொல்ல முடியாது. கருத்த உடம்பில் அந்த மஞ்சளும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரே ரசாயனம்தான், ஒரு முகத்தில் அது மறைக்க வேண்டிய அசிங்கம், இன்னொரு உடம்பில் யாரும் எழுதிக்கொள்ளாத ஆதாரம்.

அதனால் முகத்தை நிரப்பிக்கொள்கிறவர்களைக் கிண்டல் பண்ண நான் தயாரில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எச்.ஐ.வி. மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அந்தக் கூட்டுமருந்துகளில் ஸ்டாவுடின் இருந்தது. மருந்து உயிரைக் காப்பாற்றியது. பலருக்குக் கன்னக் கொழுப்பைக் கரைத்துவிட்டது. ஒட்டிய கன்னமே நோயை ஊருக்கு அறிவித்தது. அதே 2004 ஆகஸ்டில் அமெரிக்க அரசு, இந்தக் கன்னக்குழியை நிரப்புவதற்கென்றே ஸ்கல்ப்ட்ரா ஊசியை அனுமதித்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. 2010இல் அமெரிக்காவின் மெடிகேர் அந்த ஊசிக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. நம் இலவசத் திட்டத்தில் மாத்திரை வந்தது, ஊசி வரவில்லை.

நாய்பரின் நோயாளிக்கும் தாம்பரம் வரிசையில் நின்றவருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: நோய் முகத்தில் எழுதிவிட்டுப்போனதை அழித்துக்கொள்வது. அந்தத் தேவைக்குப் பிறந்த ஊசி இன்று காசுள்ளவர்களின் சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்கிவிட்டது. காயத்தை மறைக்கும் உரிமையும் காட்டும் உரிமையும் வேறுவேறு கோரிக்கைகள் இல்லை என்று நான் நினைக்கிறேன். தன் முகம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அந்த முகத்துக்குரியவரே தீர்மானிப்பதைப் பற்றியவை இரண்டும். மனித உரிமைக்காரர்களும் மருத்துவத்தை விமர்சிக்கிறவர்களும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற இந்த இரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பேச வேண்டும்.