நாலு பெர்சென்ட் கான்சாபுரம் வந்த கதை

ராஜபாளையம் மில் வட்டாரத்தில் 'நாலு பெர்சென்ட்' என்றால் பழைய தொழிலாளிக்கு நினைவு வருவது பி.எஃப். பென்ஷன்தான். 58 வயதில் தொடங்க வேண்டிய பென்ஷனை 50 ஆனதும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். முந்துகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்ற கால்கள் அந்த வெட்டுக்குச் சம்மதித்துவிடும்.

இன்னொரு நாலு பெர்சென்ட் இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் கணினி வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் போதும் என்று ஊர் திரும்ப நினைக்கிற பிள்ளைகள் வாயில் அது புழங்குகிறது. சேர்த்துவைத்த பணத்திலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துச் செலவழித்தால் பணம் நமக்கு முன்னால் செத்துப்போகாது என்ற கேள்விக்கு அது விடை. மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கும் கான்சாபுரத்துக்கு அது வந்து சேர்ந்த தூரம் அதிகம். வழியில் இறக்கிவிட்ட சுமையும் அதிகம்.

அது பிறந்தது அமெரிக்காவில், 1994 அக்டோபரில். வில்லியம் பெங்கன் எம்.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். குடும்பத்தின் குளிர்பானத் தொழிலை நடத்தி, பிறகு கலிபோர்னியாவில் நிதி ஆலோசகராக உட்கார்ந்தார். ஓய்வு பெறுகிறவர்களுக்கு அப்போது சராசரியை வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள்: சந்தை சராசரியாக இவ்வளவு தரும், விலைவாசி இவ்வளவு ஏறும், மீதியை எடுத்துக்கொள். பெங்கன் சராசரியை நம்பவில்லை. 1926-இல் தொடங்கி, ஒவ்வொரு வருஷமும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துக்கொண்டார். பாதிப் பணம் பங்கில், பாதி அரசுக் கடன்பத்திரத்தில். அவரவர் காலத்தில் நடந்த ஏற்ற இறக்கத்தையும் விலைவாசியையும் வருஷவாரியாக ஓட்டிப் பார்த்தார்.

கிடைத்தது இதுதான். முதல் வருஷம் கையிருப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப மட்டும் கூட்டிக்கொண்டே போனவர்களில் யாருக்கும் 33 வருஷத்துக்கு முன்னால் பணம் தீரவில்லை. 5 சதவீதம் எடுத்தவர்களில் சிலருக்கு இருபது வருஷத்திலேயே காலி. மிக மோசமாக அடிபட்டவர்கள் 1960-களின் பின்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள். 1929 வீழ்ச்சிக்காரர்களைவிட இவர்கள் நிலைமை மோசம். 1973-74 சந்தைச் சரிவு, அதன் முதுகில் எண்ணெய் விலை, விலைவாசி. தொடக்க வருஷங்களில் விழுந்த அடி, பின்னால் வந்த நல்ல வருஷங்களால் ஆறவில்லை.

ஆக, நாலு என்பது ஒரு நாட்டின் கடந்தகாலத்தில் நடந்த மிக மோசமான கேஸின் பதிவு. யாருக்கும் கொடுத்த வாக்குறுதியாக அது பிறக்கவில்லை.

1998-இல் டெக்சாஸ் மாநிலத்து டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர், கூலி, ஹப்பர்ட், வால்ஸ், இதையே அட்டவணை ஆக்கினார்கள். இத்தனை சதவீதம் எடுத்தால் இத்தனை வருஷத்தில் வெற்றி வாய்ப்பு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக. அட்டவணை உச்சமாகப் போனது முப்பது வருஷம். கடைசி நாளில் ஒரு டாலர் மிச்சம் இருந்தாலும் அதன்படி வெற்றிதான். ஆனால் கட்டம் போட்ட எண் எளிதாகப் பரவும். 2010-களில் 'ஃபயர்' என்ற சீக்கிர ஓய்வுக்காரர்கள் கையில் அது தலைகீழாகித் திரும்பியது: நூறை நாலால் வகுத்தால் 25; வருஷச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்தால் வேலையை விடலாம். 65 வயதுக்காரருக்கு முப்பது வருஷத்துக்குப் போட்ட கணக்கு, 40 வயதுக்காரர் தலையில் இப்படித்தான் ஏறியது. அவருக்குத் தேவை ஐம்பது வருஷம்.

அமெரிக்க எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர், அப்போது டோக்கியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேட் ஃபாவ். 2010-இல் வெளியான அவர் ஆய்வில் வளர்ந்த நாடுகள் 17. நாலு பெர்சென்ட் தாக்குப்பிடித்தவை அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், டென்மார்க் மட்டும். அதுவும் பங்கையும் பத்திரத்தையும் வருவது தெரிந்தவர் மாதிரிக் கலந்திருந்தால். போருக்கு முன் ஓய்வு பெற்ற ஜப்பானியருக்கு அரை சதவீதம்கூடத் தாங்கவில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978-79தான். அதற்குள் முப்பது வருஷத் துண்டுகளை வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பெங்கன் செய்ததுபோல் தனித்தனித் தலைமுறைகளாகப் பார்க்க நமக்குச் சரித்திரம் போதாது. இங்கே பலர் மூன்று, மூன்றரை என்று குறைத்துச் சொல்வதற்கு இந்த எச்சரிக்கையும் ஒரு காரணம்.

ஆனால் நம் ஊர் வேறொரு வழியில் இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 2000-01-இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வு கொடுத்தபோது ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். கையில் மொத்தமாகப் பணம். அதுவரை பழகிய வட்டி இரட்டை இலக்கம், பி.பி.எஃப். வட்டி 2000 ஜனவரி வரை 12 சதவீதம். 2003 மார்ச்சில் அது 8. டெபாசிட் வட்டியும் கூடவே இறங்கியது. பத்து லட்சத்துக்கு வருஷம் ஒரு லட்சம் வரும் என்று திட்டம் போட்டவர் கணக்கு, மூன்றே வருஷத்தில் உடைந்தது. அமெரிக்கரை 1968-க்குப் பின் பங்குச் சந்தை கவிழ்த்ததுபோல் நம்மவரை வட்டி கவிழ்த்தது. 2020 ஜனவரி 31-இல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்த 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் இதே மாதிரி வரவேற்பு: இரண்டே மாதத்தில் கொரோனா, கூடவே வட்டிக் குறைப்பு.

'அசலைத் தொடாதே, வட்டியைத் தின்னு' என்பது நம் பக்கத்தில் தாத்தா காலத்து விதி. கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கும். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சம் வரை போடலாம், 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய். அசல் அப்படியே நிற்கும், ஆனால் விலைவாசி 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் அதன் மதிப்பு பாதி. வட்டி முழுவதையும் தின்பவர், அசலையும் தனக்குத் தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மூத்த குடிமக்கள் திட்டத்தின் 8.2 சதவீதம் கைகொடுக்குமா என்றால், அதன் கதவு பொதுவாக 60 வயதில்தான் திறக்கும். விருப்ப ஓய்வுக்காரருக்கு 55. நாற்பத்தைந்தில் ஊர் திரும்புகிறவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் கான்சாபுரத்தில் அந்த எண்ணை என்ன செய்வது? எண்ணை விட்டுவிட்டு வகுத்தலை வைத்துக்கொள்ளலாம் என்பேன். போன வருஷச் செலவை இன்றைய கையிருப்பால் வகுத்தால் வருவதுதான் நம் சொந்த எடுப்பு வீதம். வேலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய கணக்கு இது. மாதம் 50,000 செலவு என்றால் வருஷம் 6 லட்சம். கையில் 30 லட்சம் இருக்கையில் வீதம் 20. ஒரு கோடியில் 6, ஒன்றரைக் கோடியில் 4, இரண்டு கோடியில் 3. சந்தை ஏறிய வருஷம் வீதம் சடசடவென்று இறங்கும். வீடு கட்டிய வருஷம் மறுபடி ஏறும். ஊருக்கே வந்து 35,000-க்குள் குடும்பம் நடந்தால் அதே 3 சதவீதத்துக்கு ஒரு கோடியே 40 லட்சம் போதும். பெருநகரத்தில் சம்பாதித்து அடிவாரத்தில் செலவழிப்பதன் லாபம், எந்த ஃபண்டும் தராதது.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஊரில் வாடகை இல்லை, காய்கறி மலிவு என்று போடும் பட்டியலில் சொந்தபந்தத்து விசேஷங்களுக்குச் செய்யும் செய்முறை இருக்காது. தாய்மாமன் ஒருவர் ஒரே வருஷத்தில் இரண்டு காதுகுத்தும் ஒரு சடங்கும் பார்த்துவிட்டால் அந்த வருஷத்துச் செலவு எங்கே போய் நிற்கும்! மொய் திரும்பி வரும் என்பார்கள். வரும், நம் வீட்டில் விசேஷம் வைக்கும்போது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் மதுரை ஆஸ்பத்திரிப் பயணமும் அப்படியே. ஒரு வருஷத்தை மட்டும் வகுக்காமல் மூன்று வருஷச் சராசரியை வகுப்பது நல்லது. அடுத்த வாக்குவாதம் தென்னந்தோப்பு. அதைக் கையிருப்பில் சேர்க்கிறீர்களா, அல்லது தேங்காய் வரவைச் செலவில் கழிக்கிறீர்களா? ஏதாவது ஒன்றுதான் செய்யலாம். இரண்டையும் செய்து 'எனக்கு ரெண்டு பெர்சென்ட்தான்' என்று மார்தட்டுவது கள்ளக் கணக்கு. குடியிருக்கும் வீடு எந்தப் பக்கமும் வராது.

வேலையை விட்ட பிறகும் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடியில் 4 லட்சம் எடுத்தவர், அடுத்த வருஷம் 6 சதவீதம் கூட்டி 4.24 லட்சம் எடுக்கிறார். இடையில் கையிருப்பு 85 லட்சமாகச் சரிந்திருந்தால் அவர் இப்போது எடுப்பது 4 இல்லை, 5. பெங்கன் விதியின்படி பார்த்தால் அவர் தவறேதும் செய்யவில்லை. ஆனால் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைத் தண்ணீரை எதிர்பார்த்துக் கிடக்கும் இந்த வட்டாரத்துக் கண்மாய்களில் எந்த நீர்ப்பாய்ச்சியும் போன வருஷம் இத்தனை நாள் மடை திறந்தேன், இந்த வருஷமும் அத்தனை நாள் திறப்பேன் என்று சொல்லமாட்டார். தண்ணீர் குறைவென்றால் ஆளுக்குப் பங்கு குறையும், சில வயல் தரிசாகும். முதல் ஐந்து வருஷத்தில் வீதம் 5-ஐத் தொட்டால் செலவைச் சுருக்குவதும், அருகிலேயே பகுதிநேர வேலை தேடுவதும் அதே புத்திதான்.

பெங்கனே சும்மா இருக்கவில்லை. வேறு வகைப் பங்குகளையும் சேர்த்து, 2025-இல் வந்த புத்தகத்தில் தன் எண்ணை 4.7 ஆக்கிவிட்டார். அங்கே அது நல்ல செய்தி. ஒரு கோடிக்கு வருஷம் 70,000 ரூபாய் கூடுதல் என்று இங்கே யாராவது உடனே பெருக்கிப் பார்த்திருப்பார்கள்.

கணக்கை எந்த நாளில் போடுவது என்று கேட்டால், மார்ச் 31 வசதி, பி.எஃப்., வரி, ஃபண்ட் அறிக்கை எல்லாம் கைக்கு வரும். நெல்லும் தோப்புக் குத்தகையும் உள்ளவர் அறுவடைப் பணம் வந்தபின் போடலாம். வருஷா வருஷம் அதே நாளாக இருந்தால் சரி. சந்தை உச்சத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது.